கேமிங் பிசியா, கன்சோலா: காசை எடுத்து வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்தப் பஞ்சாயத்து தீராமல் இழுப்பதற்குக் காரணம், எல்லோரும் பெட்டியிலிருந்து தொடங்குவதுதான். பிஎஸ்5 (சோனியின் கன்சோல்) இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு (பிசியில் படத்தை வரையும் பாகம்) அவ்வளவு என்று விலைப்பட்டியலை எதிரெதிரே வைத்தால் எந்தப் பக்கமும் ஜெயிக்கலாம். எந்த கேம், எந்தத் திரை என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு எந்தப் பெட்டி என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். விலை உயர்ந்த கார்டு தேவையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், பலருக்குத் தேவைப்படாது.

கேம் பட்டியல்

அடுத்த இரண்டு வருடத்தில் நிச்சயம் ஆடப்போகும் ஐந்து கேம்களை எழுதுங்கள். ஆசைப்பட்டியல் வேண்டாம், உண்மையில் ஆடப்போவதை மட்டும். கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டில் ஒன்று பட்டியலில் இருந்தால் பேச்சே இல்லை, பிசிதான். அவை கன்சோலில் கிடையாது. வேலரன்ட் 2024-இல் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் கன்சோலில் ஆடுபவரும் பிசியில் ஆடுபவரும் ஒரே மேட்சில் சேர முடியாது. உங்கள் கூட்டாளிகள் எல்லாம் பிசியில் இருந்தால் கன்சோல் வாங்கித் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சோனியின் கதை கேம்கள் சில பிசிக்கும் வந்திருக்கின்றன, தாமதமாகத்தான். காட் ஆஃப் வார் ரக்னராக் 2022 நவம்பரில் கன்சோலுக்கு வந்தது. பிசிக்கு வந்தது 2024 செப்டம்பரில். ஸ்பைடர்-மேன் 2-க்கு 2023 அக்டோபர், பிசிக்கு 2025 ஜனவரி. காத்திருக்க முடிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ராக்ஸ்டார் விஷயத்திலும் வழக்கம் இதுதான்: ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். ஜிடிஏ 6-ம் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு கேமை முதல் நாளே ஆடுவதற்காக இப்போது ஒன்றரை லட்சத்துக்கு பிசி கட்டுவதில் அர்த்தமில்லை.

சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடுவதற்குக் கன்சோல். ஸ்ட்ராடஜி, ஃபிளைட் சிமுலேட்டர், மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) போட்டு ஆடும் கேம், இருபது வருடப் பழைய கேம் என்றால் பிசி.

திரை

இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இவ்வளவையும் வரைய வேண்டும். 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு 4கே-க்கான கார்டு வாங்கினால் அதில் பாதி வேலையில்லாமல் கிடக்கும். ஒன்றரை லட்சத்துக்குக் கார்டு வாங்கிவிட்டு மானிட்டருக்கு எட்டாயிரம் என்று பேரம் பேசுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதை.

ஃபிரேம் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 30 எஃப்பிஎஸ்-இல், அதாவது நொடிக்கு 30 ஃபிரேமில், ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லி செகண்டு. 60-இல் 16.7. அதாவது 16.6 மில்லி செகண்டு மிச்சம். யார் கண்ணுக்கும் தெரியும். 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு ஃபிரேம் 6.9-க்கு இறங்கும், கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு மிச்சம், ஷூட்டர் ஆடுபவர் கை உணரும். 144-லிருந்து 240-க்குப் போனால் கிடைப்பது 2.8 மில்லி செகண்டு மட்டுமே. மேலே போகப் போகக் காசு அதிகம், பலன் குறைவு. போட்டிகளில் ஆடுபவரைத் தவிர மற்றவர்கள் 144 முதல் 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் மாறும்) மானிட்டரோடு நின்றுகொள்ளலாம்.

கன்சோல் வாங்குபவர் டிவியைப் பார்க்க வேண்டும். 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் ஓட எச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேண்டும். பல டிவிகளில் நான்கு போர்ட்டில் ஒன்றோ இரண்டோதான் அப்படிப்பட்டவை. பெரும்பாலும் போர்ட்டின் பக்கத்திலேயே ‘4கே 120’ என்று எழுதியிருக்கும். விளம்பரத்தில் வரும் 120 எல்லாம் 120 அல்ல. பேனல் 60 ஹெர்ட்ஸாகவே இருக்கும், இடையில் பொய் ஃபிரேம் சொருகி 120 என்பார்கள். இந்த வித்தையின் பெயரான எம்இஎம்சி என்ற சொல்லைப் பார்த்தால் ‘பேனலின் நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு’ என்று கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே சாதாரண 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி இருக்கிறது, புதிதாகத் திரை வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் கன்சோல்தான் சிக்கனம்.

கன்சோலுக்குள் இருப்பதும் அதற்கு ஈடான பிசியும்

பிஎஸ்5-இல் எட்டு கோர் ஜென் 2 பிராசசர், 36 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் போடும் தொகுதி) கொண்ட ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ், 16 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ்-இல் 52 கம்ப்யூட் யூனிட். 16 ஜிபி-யில் 13.5 ஜிபி கேம்களுக்கு. டெஸ்க்டாப் உலகில் ஆர்எக்ஸ் 6700 கார்டிலும் இதே 36 கம்ப்யூட் யூனிட் இருந்தது. ஆக, கன்சோலுக்கு ஈடுகொடுக்க மேல்தட்டுக் கார்டு தேவையே இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 வகையே அந்த அளவில்தான் நிற்கிறது.

2025 நடுவில் சென்னை விலையில் அப்படி ஒரு டவர் ஏறத்தாழ இப்படி வரும்: ரைசன் 5 5600 பிராசசர் 10,000; பி550 மதர்போர்டு 9,000; 8+8 ஜிபி டிடிஆர்4 ரேம் 3,500; 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,000; கார்டு 29,000; 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 4,000; கேபினட் 3,500. மொத்தம் 64,000. மானிட்டர் 10,000, கீபோர்டு மவுஸ் 2,000 சேர்த்தால் 76,000. அந்த வருடக் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதனால் கடைக்குப் போகும் அன்று முதலில் ரேமின் விலையைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இதில் இரண்டு பொறி உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று ரைசன் 5 5500 அல்லது 5600ஜி-யைத் தலையில் கட்டுவார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக மெமரி) 32 எம்பி-க்குப் பதில் 16 எம்பி, பிசிஐ-இ (கார்டோடு பேசும் பாதை) 4.0-க்குப் பதில் 3.0. இரண்டாவது பொறி, கார்டின் மெமரி.

8 ஜிபி கார்டு எங்கே மாட்டிக்கொள்கிறது

இன்றைய பெரிய கேம்கள் கன்சோலின் மெமரியை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அதே டெக்ஸ்ச்சரை, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை, 8 ஜிபி கார்டில் ஏற்றினால் இடம் போதாமல் மிச்சம் சிஸ்டம் ரேமுக்கு வழிகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த மெமரியோடு செகண்டுக்கு 272 ஜிபி வேகத்தில் பேசும். சிஸ்டம் ரேமோடு பேச அதற்கு எட்டு லேன் மட்டுமே, பிசிஐ-இ 4.0-இல் செகண்டுக்கு சுமார் 16 ஜிபி, 3.0-இல் 8 ஜிபி. 5500 பிராசசரையும் எட்டு லேன் கார்டையும் ஒன்றாக வாங்கியவருக்கு அடி இரட்டிப்பாக விழுவது இதனால்தான்.

அறிகுறி எளிது. எஃப்பிஎஸ் கவுன்டரில் சராசரி 70 காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் அரை நொடி முட்டும். அல்லது சுவரும் துணியும் களிமண் பூசியது மாதிரி மங்கலாக நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெளியும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் பட்டது இதைத்தான். மருந்து: டெக்ஸ்ச்சர் தரத்தை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’ அல்லது ‘மீடியம்’ ஆக்குங்கள். நிழல், பிரதிபலிப்பைக் குறைத்தால் இந்த முட்டல் போகாது. இன்று புதிதாக வாங்குபவர் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் 16 ஜிபி மாடலையே கேளுங்கள். இரண்டுமே 8 ஜிபி-யிலும் அதே பெயரில் விற்கின்றன. பில்லில் ‘16 ஜிபி’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் காசு கொடுக்க நியாயமான ஒரே இடம் என்றால் இதுதான்.

விலை உயர்ந்த கார்டு யாருக்கு

ஆர்டிஎக்ஸ் 5090 அமெரிக்காவில் 1,999 டாலருக்கு 2025 ஜனவரியில் வந்தது. 32 ஜிபி மெமரி, 575 வாட். அடுத்த படியான 5080 பாதி விலை, 999 டாலர். இரண்டு மடங்கு காசுக்கு இரண்டு மடங்கு எஃப்பிஎஸ் வராது. 4கே-யில் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டும் மானிட்டர், பாத் டிரேசிங்கை (ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) முழுதாகப் போட்டு ஆடும் ஆசை, பிளெண்டர் (3டி மென்பொருள்), வீடியோ எடிட்டிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டும் வேலை: இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் யோசிக்கலாம். கேம் மட்டும்தான், அதுவும் 1440பி-யில் என்றால் அந்தக் காசில் 16 ஜிபி நடுத்தரக் கார்டும் நல்ல மானிட்டரும் வாங்கி, மூன்று வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே பிசி வைத்திருப்பவர், கார்டு மாற்றினால் வேகம் கூடுமா என்று வாங்காமலே சோதிக்கலாம். வழக்கமாக ஆடும் கேமில் கூட்டம் அதிகமுள்ள இடத்துக்குப் போய் நில்லுங்கள். வி-சிங்க் (எஃப்பிஎஸ்-ஐத் திரையின் வேகத்தோடு பூட்டும் வசதி), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு எஃப்பிஎஸ்-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது, மாற்றினால் பலன் உண்டு. ஏறவே இல்லை என்றால் தடை பிராசசரில். அந்த நிலையில் எத்தனை லட்சத்துக்குக் கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும்.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். 35 வாட்டிலும் அதே பெயர், 115 வாட்டிலும் அதே பெயர். ‘டிஜிபி (கார்டு இழுக்கும் வாட்) எவ்வளவு’ என்று கேட்டுப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

ஐந்து வருடக் கணக்கு

பிஎஸ்5 ஸ்லிம் டிஸ்க் மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது 54,990 ரூபாய். பண்டிகைத் தள்ளுபடியில் ஐயாயிரம் குறைவது வழக்கம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும். அடிப்படைத் திட்டத்துக்கு வருடம் கிட்டத்தட்ட 4,000 வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு அது வேண்டாம்.

வருடத்துக்கு மூன்று புதிய கேம், ஒன்று 5,000 என்றால் ஐந்து வருடத்தில் 75,000. டிஸ்க்காக வாங்கி, முடித்ததும் பாதி விலைக்கு விற்றால் 37,500 திரும்பும். பெட்டி 55,000, சந்தா 20,000, கேம் 37,500: ஆக 1,12,500. ஆன்லைன் வேண்டாதவருக்கு 92,500. டிஜிட்டல் மாடல் வாங்கினால் ஆரம்பத்தில் சில ஆயிரம் மிச்சம், ஆனால் அந்த 37,500 திரும்பாது. இந்தியாவில் டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் வாங்குவது கையைக் கடிக்கும் தீர்மானம்.

பிசிக்கு: பெட்டியும் திரையும் 76,000. ஸ்டீமில் வந்த அன்றே வாங்காமல், ஒரு வருடம் பொறுத்துத் தள்ளுபடியில் சராசரி 2,000-க்கு வாங்கினால் 15 கேமுக்கு 30,000. எபிக் கடை வாராவாரம் இலவசமாகக் கொடுப்பது தனி. மொத்தம் 1,06,000. பொறுக்காமல் முதல் நாளே 4,000-க்கு வாங்குபவருக்கு 1,36,000. பிசி கேமை மறுபடி விற்கவும் முடியாது. இதில் ஒரு கழித்தல் பாக்கி. படிப்புக்கோ வேலைக்கோ எப்படியும் 35,000-க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதை இந்தத் தொகையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிசி 71,000-க்கு வந்துவிடும். வீட்டில் நல்ல லேப்டாப் இருக்கிறதென்றால் கழிக்கக் கூடாது.

கடையில்

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ, கொட்டேஷன் கேட்கும்போது ‘ஜிஎஸ்டி பில்லோடு’ என்று சொல்லிக் கேளுங்கள். பில் இல்லாத விலை குறைவாகத் தெரியும், ஆனால் வாரண்டிக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். இறக்குமதி கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ வாங்கவே வாங்காதீர்கள். 500 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால்தான் உண்மையான வாட். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான்.

பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டுங்கள். பயாஸை, அதாவது உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி விற்கும் போலிக் கார்டை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048எஸ்பி மாடலைத் தருவார்கள். அது உள்ளுக்குள் 570. பிறகு கார்டை முழு பாரத்தில் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டவிட்டு வெப்பத்தையும், திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். விற்பவர் அதற்கு நேரமில்லை என்றால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

முதல் நாள் செட்டிங்

புது பிசி மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பாதி இந்த நான்கில் அடங்கும். டிஸ்பிளே கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பார்கள்; கார்டின் போர்ட்டில் சொருக வேண்டும். ரேம் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவதில் போட்டால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைந்திருக்கும்; 3200 ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்கின் உள்ளே போய் மாற்றாதவரை 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல்தான் நிற்கும். வேலரன்ட் விண்டோஸ் 11-இல் திறக்கவில்லை என்றால் பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புது கேமைத் திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் திக்கித் திணறுவது பிசிக்கே உரிய வியாதி. கன்சோலில் சிப் ஒன்றே ஒன்று, அதனால் ஷேடரை, அதாவது ஒளியும் நிறமும் வரையும் சிறு நிரல்களை, முன்கூட்டியே கம்பைல் செய்து கேமோடு அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் ஆயிரம் விதக் கார்டு. உங்கள் கார்டுக்கு ஏற்றபடி உங்கள் மெஷின்தான் செய்துகொள்ள வேண்டும். முகப்பில் ‘ஷேடர் கம்பைல்’ சதவீதம் ஓடினால் நூறு ஆகும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். டிரைவர் அப்டேட் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை லட்சத்து பிசியும் கன்சோலிடம் தோற்கிறது.

கன்சோலில் செய்ய வேண்டியது சொற்பம். டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான சிக்னலை ‘என்ஹான்ஸ்டு’ ஆக்கி, கேம் மோடைப் போடுங்கள். போடாவிட்டால் பட்டன் அழுத்தியதற்கும் திரைக்கும் இடையே இழுவை தெரியும். ஸ்டோரேஜ் நிரம்பினால் பிஎஸ்5-க்குள் எம்.2 எஸ்எஸ்டி போடலாம்: பிசிஐ-இ 4.0, ரீட் வேகம் செகண்டுக்கு 5,500 எம்பி அல்லது மேல், ஹீட்சிங்க் (வெப்பம் தணிக்கும் உலோகத் தகடு) அவசியம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். பிசிக்கென்று விற்கும் தடித்த ஹீட்சிங்க் வைத்த மாடல் உள்ளே போகாது.

கரண்ட்

தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 180 மணி நேரம். 200 வாட் இழுக்கும் பிஎஸ்5-க்கு 36 யூனிட். மானிட்டரோடு 300 வாட் இழுக்கும் நடுத்தர பிசிக்கு 54. 750 வாட் இழுக்கும் 5090 பிசிக்கு 135. தமிழ்நாட்டில் இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும். ஏற்கெனவே 450-இல் நிற்கும் வீட்டில் பில் எகிறுவது அதனால்தான். அந்த 750 வாட் முழுதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே இறங்குகிறது. சித்திரை வெயிலில் அது ஒரு சிறிய ஹீட்டர், ஏசி செலவு தனி.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ-வை வாட் என்று நினைத்துவிடாதீர்கள். 600 விஏ என்பது சாதாரணமாக 360 வாட். பிஎஸ்5-க்குப் போதும், நடுத்தர பிசிக்கு 1,000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதென்றால் அது சைன் வேவ்தானா என்று உறுதி செய்துகொண்டு, பின்னால் இருக்கும் சுவிட்சை ‘யுபிஎஸ்’ மோடுக்குத் தள்ளுங்கள். ‘நார்மல்’ மோடில் மாறும் நேரம் நீளம். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது தெரியாது, பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.